விலாசத்துல பென்ரித், பில்லுல வெஸ்ட்மோர்லண்ட்: எங்க வீடு எந்தக் கவுன்சில்ல இருக்கு?

நெல்லை நர்ஸ் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நானும் வீட்டுக்காரரும் பொண்ணும் போன மாசம்தான் லீட்ஸ்லருந்து வடமேற்கு இங்கிலாந்துல ஷாப் (Shap)ங்கிற ஊருக்குப் பக்கத்துல ஒரு கிராமத்துக்குக் குடிவந்தோம். எனக்கு பென்ரித்ல கேர் ஹோம் வேலை. ஜன்னலைத் திறந்தா ஆடும் கல்சுவரும்தான், ஊர் ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா எதுக்கு எந்த ஆபீஸ்னுதான் பிடிபடல.

வாடகை ஒப்பந்தத்துல "ஈடன் டிஸ்ட்ரிக்ட் கவுன்சில்"னு போட்டிருக்கு. விலாசத்துல பென்ரித்னு எழுதுறோம், பென்ரித் இங்கருந்து 16 கிலோமீட்டர். போஸ்ட்கோடு சிஏ10, அதைத் தேடினா கார்லைல்னு காட்டுது. கவுன்சில் டாக்ஸ் (வீட்டுக்கான உள்ளாட்சி வரி) பில் வந்தது "வெஸ்ட்மோர்லண்ட் அண்ட் ஃபர்னஸ்"லருந்து. அந்த பில்லுக்குள்ளயே கம்ப்ரியா போலீசுக்குன்னு ஒரு தொகை, அடியில பாரிஷ்னு இன்னொரு சின்னத் தொகை.

குப்பைத்தொட்டி மூடி உடைஞ்சு கிடக்குதேன்னு ஒரு ஆபீசுக்கு மெயில் போட்டேன். ஒன்பது நாள் கழிச்சு "இது எங்கள் பகுதி அல்ல"ன்னு பதில் வந்துச்சு. அப்ப யாரோட பகுதின்னு சொல்லல. பொண்ணுக்கு அடுத்த செப்டம்பர்ல இயர் செவன், பெரிய ஸ்கூலுக்கு மாறணும், அதுக்கு யார்கிட்ட அப்ளை பண்ணணும்? வாக்காளர் பதிவு ஃபார்மும் வந்து மேசையில கிடக்கு. எங்க ரெண்டு பேருக்கும் இந்தியப் பாஸ்போர்ட்தான். நிரப்பலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

குரோய்டன் மணி எழுதியது:

சிஏன்னா கார்லைல் தாங்க. கார்லைல் சிட்டி கவுன்சில் வெப்சைட்ல பாருங்க, எல்லாம் இருக்கும்.

தபால் வேன் எழுதியது:

மணி, நீங்க நல்ல எண்ணத்துலதான் சொல்றீங்க, ஆனா கார்லைல் சிட்டி கவுன்சிலே இப்ப கிடையாது. 2023 ஏப்ரல் 1ஆம் தேதியோட அது முடிஞ்சுபோச்சு. அதே நாள்லதான் ஈடன் டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலும் போச்சு.

தங்கச்சி, நான் இந்த ஈடன் பள்ளத்தாக்குல 17 வருஷமா தபால் வேன் ஓட்டுறேன். சொந்த ஊர் லால்குடி. போஸ்ட்கோடு எங்க வசதிக்காக வந்தது, எந்த ஊர்ல தபால் பிரியணும்ங்கிறதுக்கு மேல அதுல ஒண்ணும் இல்ல. சிஏ10ங்கிற ஒரே எண் லாங்வத்பியில இருக்கு, தெற்க டீபேயிலயும் இருக்கு. நடுவுல ஒரு மலையையே தாண்டணும். அதை வச்சு உங்களை யார் ஆள்றாங்கன்னு தேடினா வழி தப்பும்.

உங்களுக்கு இப்ப ஒரே பெரிய கவுன்சில்தான், பில் அனுப்பினாங்களே, அதே வெஸ்ட்மோர்லண்ட் அண்ட் ஃபர்னஸ். குப்பை, ஸ்கூல், ரோடு, லைப்ரரி, முதியோர் பராமரிப்பு, வாக்காளர் பட்டியல் எல்லாம் அவங்க கையில. முன்னாடி கம்ப்ரியா கவுண்டி கவுன்சில்னு மேல ஒண்ணு, ஈடன்னு கீழ ஒண்ணு இருந்துச்சு. ஸ்கூலுக்கு அங்க, குப்பைக்கு இங்கன்னு ரெண்டு வாசல். 2023ல ரெண்டையும் கலைச்சுட்டு, ஈடன், சவுத் லேக்லண்ட், பாரோ மூணையும் சேர்த்து ஒரே கவுன்சிலா ஆக்கிட்டாங்க. வடக்கு, மேற்குப் பக்கம் இருந்த கார்லைல், அலர்டேல், கோப்லண்ட் மூணும் சேர்ந்து கம்பர்லண்ட் கவுன்சில். கம்ப்ரியாங்கிற பேர் கவுண்டி பேரா நிக்குது, போலீஸ், தீயணைப்பு ரெண்டும் அந்தப் பேர்லயே ஓடுது. அதான் பில்லுல தனித் தொகை. போலீஸ் தலைமையகம் உங்க பக்கத்துலயே, பென்ரித்தோட கார்ல்டன் ஹால்ல இருக்கு.

பேர் குழப்பத்துக்கு ஒரு கதை இருக்கு. கம்ப்ரியாங்கிற கவுண்டி 1974லதான் பிறந்துச்சு. அதுக்கு முன்னால கம்பர்லண்ட் வேற, வெஸ்ட்மோர்லண்ட் வேற. ரெண்டுக்கும் நடுவுல எல்லைக்கோடு ஈமண்ட் ஆறு. பென்ரித்லருந்து தெற்க வந்தா ஈமண்ட் பிரிட்ஜ்னு ஒரு ஊர் வரும், அங்க பாலத்தைத் தாண்டினா வெஸ்ட்மோர்லண்ட். உங்க ஷாப் அந்தக் கரை. பென்ரித்தும் ஆல்ஸ்டனும் கம்பர்லண்ட் ஊர்கள். இன்னைக்கு அந்த ரெண்டும் வெஸ்ட்மோர்லண்ட் பேர் வச்ச கவுன்சில்ல இருக்கு, பக்கத்துலயே கம்பர்லண்ட்னு ஒரு கவுன்சில் இருந்தும். என் ரூட்ல ஒரு பெரியவர் இன்னமும் கடிதத்துல "பென்ரித், கம்பர்லண்ட்"னுதான் எழுதுவார். அவர் பிறந்து வளர்ந்த பேரு, நான் அதை அப்படியே கொண்டுபோய்ச் சேர்ப்பேன். ஆப்பிள்பி ஊர்க்காரங்க 1974லயே முந்திக்கிட்டாங்க. கவுண்டி பேர் போகப்போகுதுன்னு தெரிஞ்சதும் ஊர் பேரையே ஆப்பிள்பி-இன்-வெஸ்ட்மோர்லண்ட்னு மாத்தி வச்சுக்கிட்டாங்க.

எனக்குக் கேட்டா ஈடன்ங்கிற பேரைத்தான் விட்டிருக்கக் கூடாது. அது ஆத்தோட பேர். மாலர்ஸ்டாங் மேட்டுல பொறந்து, கர்பி ஸ்டீவன் (எழுத்துல நடுவுல ஒரு கே இருக்கும், வாயில வராது), ஆப்பிள்பி, அப்புறம் பென்ரித்துக்குக் கிழக்கால போய், கார்லைல் தாண்டி சால்வே முகத்துவாரத்துல கடல்ல கலக்குது. வடக்குப் பாத்து ஓடுற பெரிய ஆறு இங்கிலாந்துல அபூர்வம். கிழக்க பென்னைன் மலை, அதுல 893 மீட்டர் கிராஸ் ஃபெல். மேற்க லேக் டிஸ்ட்ரிக்ட். நடுவுல 2,100 சதுர கிலோமீட்டருக்கு மேல நிலம், மொத்த ஜனம் 55,000 பேர்தான். இங்கிலாந்துலயே இவ்வளவு ஜன நெருக்கம் குறைஞ்ச டிஸ்ட்ரிக்ட் வேற இருந்ததில்ல. இப்ப உங்க குப்பைத்தொட்டியைப் பத்திப் பேச உக்கார்ற 65 கவுன்சிலர்கள்ல பாரோ கப்பல்தளத்துப் பக்கத்துலருந்து வர்றவங்களும் உண்டு. அவங்க நல்லவங்கதான், ஆனா நம்ம ரோட்டுல பனி எங்க உறையும்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?

அதனாலதான் உங்க பில்லோட அடியில இருக்கிற அந்தச் சின்னத் தொகையைப் பிடிச்சுக்கோங்கன்னு சொல்றேன். பாரிஷ் கவுன்சில். இப்ப அதுக்கும் சர்ச்சுக்கும் சம்பந்தம் இல்ல. நம்ம ஊராட்சி மாதிரி, ஆனா அதிகாரம் ரொம்பக் குறைவு. விளையாட்டுத் திடல், பெஞ்ச், நடைபாதை, சில ஊர்ல இடுகாடு, இவ்வளவுதான். வீடு கட்ட அனுமதி கொடுக்க முடியாது, கருத்து சொல்லலாம். சம்பளம் கிடையாது. ஆனா பெரிய கவுன்சிலுக்கு நீங்க எழுதினா அது ஒரு தனி ஆள் மெயில், பாரிஷ் கிளார்க் எழுதினா ஊர் எழுதின மாதிரி.

ஒரு கூட்டத்தைச் சொல்றேன். நான் கிராஸ் ஃபெல் அடிவாரத்துல ஒரு ஊர்ல இருக்கேன், செம்மணற்கல் வீடுகள், நடுவுல புல்வெளி. ஆறு வருஷத்துக்கு முன்னால பாரிஷ்ல ஒரு இடம் காலியாச்சு, தேர்தல் கேட்டு யாரும் எழுதல, கிளார்க் அம்மா என்னைக் கேட்டாங்க, உள்ள சேர்த்துக்கிட்டாங்க. முதல் கூட்டம் நவம்பர்ல. ஊர் மண்டபத்துல ஒரு ஹீட்டர், ஏழு பேர், மேசைக்கடியில ஒரு நாய். ரோட்டுல தூவுற உப்புப்பெட்டியை எங்க வைக்கிறதுன்னு ஒரு மணி நேரம் இருபது நிமிஷம் பேசினாங்க. மஞ்சப்பெட்டி, பாத்திருப்பீங்க. அது பஸ் நிறுத்தத்துக்கிட்ட இருந்துச்சு. எழுபது வயசு தாண்டின ஒரு அம்மா, ஆட்டுப்பண்ணைக்காரங்க, எந்திரிச்சு, "மேட்டு வளைவுல நவம்பர் பாதியிலருந்து பிப்ரவரி வரைக்கும் வெயிலே விழாது, சுவரோட நிழல். பெட்டி கீழ இருந்தா வழுக்கிறவன் அதுவரைக்கும் எப்படி வருவான்?"னு கேட்டாங்க. பெட்டியை நாப்பது அடி மேல ஏத்தி வச்சோம். ஜனவரியில என் வேன் அதே வளைவுல நின்னுபோச்சு. கதவைத் திறந்தா கைக்கெட்டுற தூரத்துல பெட்டி. ரெண்டு மண்வெட்டி உப்பு போட்டேன், ஏறிடுச்சு.

உங்க மத்த கேள்விக்கு: ஃபார்மைத் தாராளமா நிரப்புங்க. இந்தியக் குடிமக்கள் காமன்வெல்த் குடிமக்கள், விசாவோட இங்க இருந்தா ஓட்டு உண்டு, பார்லிமெண்ட் தேர்தலுக்கும் சேர்த்து. வாக்குச்சாவடியில போட்டோ அடையாளம் கேப்பாங்க, இந்தியப் பாஸ்போர்ட்டையே காட்டலாம். இந்தக் கவுன்சிலுக்கு அடுத்த தேர்தல் 2027 மே. பாரிஷ்ல உறுப்பினரா நிக்கணும்னா மட்டும் ஐஎல்ஆர் (இங்க காலவரம்பில்லாம தங்குற அனுமதி) வேணும்.

நெல்லை நர்ஸ் எழுதியது:

அண்ணா, ரொம்ப நன்றி. வீட்டுக்காரர் சத்தமா படிச்சுக் காட்டச் சொன்னார். இன்னும் ரெண்டு கேள்வி. ஸ்கூல் பட்டியல்ல மூணு நாலு "கிராமர் ஸ்கூல்" இருக்கு, எல்லாத்துக்கும் பரீட்சை எழுதணுமா? இன்னொண்ணு, வீட்டுக்காரர் இட்லி மாவும் பொடியும் வீட்டுலருந்து விக்கலாம்னு பாக்கிறார், வீட்டு ஓனர் பின்னால ஒரு சின்னக் கொட்டகை போட்டுக்கோங்கன்னு சொல்லிட்டார். யார்கிட்ட கேக்கணும்?

தபால் வேன் எழுதியது:

பேரைப் பாத்துப் பயப்படாதீங்க. ஆப்பிள்பி கிராமர், கர்பி ஸ்டீவன் கிராமர் ரெண்டும் பேர்ல மட்டும்தான் கிராமர், எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துக்குவாங்க. பரீட்சை வச்சு எடுக்கிறது பென்ரித்ல இருக்கிற குயின் எலிசபெத் கிராமர் ஒண்ணுதான், அதுக்குப் பேர் பதிவு தனி. பென்ரித்லயே உல்ஸ்வாட்டர் கம்யூனிட்டி காலேஜுக்குப் பரீட்சை கிடையாது. எதுவா இருந்தாலும் விண்ணப்பம் கவுன்சிலுக்கு அக்டோபர் 31க்குள்ள போயிடணும். உங்களுக்குக் கிட்டத்துல இருக்கிற, இடமுள்ள ஸ்கூல் மூணு மைலுக்கு மேல இருந்தா பஸ் இலவசம். அதைத் தாண்டி வேற ஸ்கூலைத் தேர்ந்தெடுத்தா பஸ் செலவு உங்க தலையில விழலாம், அதை முதல்லயே கேட்டுக்கோங்க.

மாவு விக்கிறதுக்கு: ஆரம்பிக்கிறதுக்கு 28 நாள் முன்னாடி கவுன்சில்ல உணவுத் தொழிலாப் பதிவு பண்ணணும், கட்டணம் இல்ல. கொட்டகைக்குத்தான் கவனம் வேணும். உங்க பக்கத்துல கட்டட அனுமதி மூணு கையில இருக்கு. ஷாப்புக்கு மேற்கால கொஞ்ச தூரத்துல லேக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்கா எல்லை ஆரம்பிக்குது. கிழக்கால ஆர்ட்டன் குன்றுகள் 2016 ஆகஸ்ட்லருந்து யார்க்ஷயர் டேல்ஸ் தேசியப் பூங்காவுல சேர்ந்துடுச்சு, வெஸ்ட்மோர்லண்ட் மண்ணுக்கு யார்க்ஷயர் பேர். பூங்காவுக்குள்ள இருந்தா கவுன்சில் இல்ல, அந்தப் பூங்கா ஆணையம்தான் முடிவு பண்ணும். ரெண்டுக்கும் நடுவுல இருந்தா கவுன்சில். உங்க வீடு எதுலன்னு வரைபடத்துல பாத்துட்டு, ஆணி அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டுடுங்க.

ஆல்ஸ்டன் அக்கா எழுதியது:

தம்பி சொன்னதுல ஒண்ணு சேர்க்கணும். ஈடன் டிஸ்ட்ரிக்ட்டுல எல்லாரும் ஈடன் ஆத்துக்காரங்க இல்ல. ஆல்ஸ்டன்ல பெய்யிற மழை சவுத் டைன்ல சேர்ந்து நியூகாசில் பக்கம் கிழக்குக் கடலுக்குப் போகுது. எங்களுக்கும் பென்ரித்துக்கும் நடுவுல ஹார்ட்சைட் மேடு, 580 மீட்டர். பனி கொட்டினா ஏ686 ரோட்டை மூடிடுவாங்க. ரயிலும் 1976லயே போச்சு. ஒரு பிப்ரவரியில மூணு நாள் என் ஷிப்டுக்குப் போக முடியாம, பக்கத்து வீட்டுக்காரர் டிராக்டர்ல என்னைக் கொண்டுபோய் விட்டார். எங்க கவுன்சில் ஆபீஸ் கெண்டல்ல இருக்கிறதா நியூகாசில்ல இருக்கிறதான்னு அன்னைக்கு எனக்கு ஒரே தூரம்தான். பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட முதல் வாரமே பேசி வச்சுக்கோ, கண்ணு.

தபால் வேன் எழுதியது:

அக்கா சொல்றது நூத்துக்கு நூறு. 2015 டிசம்பர்ல டெஸ்மண்ட் புயல் வந்தப்ப ஆப்பிள்பி சாண்ட்ஸ் தெரு முழுக்கத் தண்ணி. டிசம்பர் 6ஆம் தேதி பூலி பிரிட்ஜ்ல 1764ல கட்டின கல்பாலத்தையே ஆறு அடிச்சுக்கிட்டுப் போச்சு. புதுப் பாலம் வர 2020 அக்டோபர் ஆச்சு. அந்த வாரம் சாண்ட்ஸ்ல நான் கொடுக்க வேண்டிய கடிதங்களுக்கு வாசல்கள் இல்ல. சனங்க நனைஞ்ச கம்பளத்தை வெளிய இழுத்துப் போட்டுட்டு நிக்கிறாங்க, அவங்க கையிலயே கொடுத்தேன். ஒரு அம்மா கிறிஸ்துமஸ் வாழ்த்தை வாங்கி அங்கயே பிரிச்சுப் படிச்சு, கோட்டுக்குள்ள வச்சுக்கிட்டாங்க. ஆறு பொங்கினா கேக்க வேண்டியது என்விரான்மெண்ட் ஏஜென்சி, ரோட்டுச் சாக்கடை பொங்கினா கவுன்சில், குழாய்த் தண்ணிக்கு யுனைட்டெட் யூட்டிலிட்டீஸ். இந்த மூணு எண்ணையும் ஒரு தாள்ல எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டுங்க, தங்கச்சி. மின்சாரம் போனா போன்ல தேட முடியாது.

பாரிஷ் கூட்டத்துக்கு மூணு நாள் முன்னாடியே ஊர்ப் பலகையில அஜெண்டா ஒட்டணும்னு விதி. கண்ணாடி போட்ட மரப்பெட்டி மாதிரி இருக்கும், ஊர் மண்டபத்துச் சுவர்ல பாருங்க. யார் வேணும்னாலும் போய் உக்காரலாம்.

நெல்லை நர்ஸ் எழுதியது:

பலகையைக் கண்டுபிடிச்சுட்டேன் அண்ணா! தினமும் அது முன்னாலதான் பஸ் ஏறுறேன், கண்ணாடிக்குள்ள பாசி பிடிச்சிருந்ததால கவனிக்கல. வர்ற செவ்வாய்க்கிழமை ராத்திரி ஏழரைக்குக் கூட்டம். நாலாவது விஷயம் "பஸ் நிறுத்தத்தில் விளக்கு". காலையில அஞ்சே முக்காலுக்கு அந்த இருட்டுல நிக்கிறவ நான்தான், கண்டிப்பாப் போறேன். குப்பைத்தொட்டிக்கும் சரியான இடத்துல எழுதிட்டேன். தாளை ஃபிரிட்ஜ்ல ஒட்டியாச்சு, பொண்ணு ஓரத்துல ஒரு ஆடு வரைஞ்சிருக்கா.