ஏசா கண்ணீர்விட்டும் கிடைக்கவில்லையே, நானும் தள்ளப்பட்டவன்தானா?

தோப்புக்காரன், கன்னியாகுமரி மாவட்டம்

எல்லாருக்கும் சோஸ்திரம். இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. வயசு 54. சி.எஸ்.ஐ. சபை. தாத்தா காலத்திலிருந்தே கோயில் பெஞ்சில் எங்களுக்கென்று ஒரு இடம் உண்டு. ஆறு வருஷமாகக் கமிட்டியிலும் இருக்கிறேன். காணிக்கைப் பை எடுப்பவன் நான்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். ரொம்ப நாளைக்கு முன் ஒரு குடும்ப விஷயத்தில் தப்பு செய்துவிட்டேன். அது மனசைக் குத்துகிறது. இந்த நாலு வருஷத்தில் மூன்று கன்வென்ஷனில் முன்னே போய் முழங்காலில் நின்று அழுதிருக்கிறேன். வெட்கமில்லாமல் அழுதேன், சட்டை நனைந்தது. இரண்டு நாள் லேசாக இருக்கும். அப்புறம் பழையபடி.

போன மாசம் புதன்கிழமை வேதபாடத்துக்கு வெளியூர்ப் போதகர் ஒருவர் வந்து ரோமர் 9 எடுத்தார். போர்டில் நடுவே ஒரு கோடு. ஈசாக்கின் இரட்டைப் பிள்ளைகளில் இந்தப் பக்கம் தம்பி யாக்கோபு, அந்தப் பக்கம் அண்ணன் ஏசா. பிள்ளைகள் பிறப்பதற்கு முன்னமே, நல்வினை தீவினை ஒன்றும் செய்வதற்கு முன்னமே கடவுள் யாக்கோபைத் தெரிந்துகொண்டார், அதாவது தேர்ந்தெடுத்துவிட்டார் என்றார். வீட்டுக்கு வந்து எபிரெயர் 12:17 வாசித்தேன். ஏசா "கண்ணீர்விட்டு, கவலையோடே தேடியும் மனம் மாறுதலைக் காணாமற்போனான்." அன்றிலிருந்து தூக்கம் இல்லை. என் கதை அதுவேதான் என்று தோன்றுகிறது. அழுகிறேன், கிடைக்கவில்லை. அப்படியானால் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் என் பெயர் இருக்கிறதோ?

திருவிருந்து ஞாயிறு வந்தால், வண்டிகளை ஒழுங்குபடுத்துகிறேன் என்று சொல்லி வெளியே நின்றுவிடுகிறேன். வீட்டுக்காரி இன்னும் கண்டுபிடிக்கவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இறையியல் மாணவன், பெங்களூர்

அண்ணே, முதலில் அந்த வசனம். கிரேக்கத்தில் "அதைத் தேடினான்" என்பதில் வரும் "அதை" மனந்திரும்புதலையும் குறிக்கலாம், ஆசீர்வாதத்தையும் குறிக்கலாம். ஆதியாகமம் 27 வாசித்துப் பாருங்கள். அப்பாவின் ஆசீர்வாதத்தை யாக்கோபு ஏமாற்றி வாங்கிக்கொண்ட பிறகு ஏசா கதறுவது "என்னையும் ஆசீர்வதியும்" என்றுதான். தான் செய்ததை நினைத்து அங்கே ஒரு சொட்டுக் கண்ணீரும் இல்லை. மனந்திரும்ப ஆசைப்பட்டவனைக் கடவுள் துரத்திவிட்டார் என்று அந்த வசனத்தைப் படிப்பது சரியல்ல.

இந்த வசனத்தில் மாட்டிக்கொண்ட முதல் ஆள் நீங்கள் இல்லை. ஜான் பன்யனை இதே வசனம் நெடுநாள் விரட்டியிருக்கிறது. 1666இல் வந்த தன் சுயசரிதையில் பக்கம் பக்கமாகப் புலம்புகிறார். பாளையங்கோட்டை கிருஷ்ண பிள்ளை தமிழில் காவியமாக்கினாரே, அந்த மோட்சப் பயணக் கதையை எழுதியவர் அதே பன்யன்தான்.

தெரிந்துகொள்ளுதல் என்றாலே நம் ஆட்கள் சீர்திருத்தவாதி கால்வினை இழுப்பார்கள். அவரே சொல்வது, உன் பெயர் அந்த ரகசிய ஏட்டில் இருக்கிறதா என்று துருவப் போனால் வழி தெரியாத சுற்றுப்பாதையில் சிக்கிக்கொள்வாய், கிறிஸ்துதான் அதற்குக் கண்ணாடி, அவரைப் பார் என்பது. 1618-19இல் நெதர்லாந்தில் தோர்த் நகரத்தில் கூடிய சங்கம் இந்த உபதேசத்தில் மிகக் கறாரானது. அதன் தீர்மானங்களிலேயே முதல் தலைப்பில் 16ஆம் பிரிவு உங்களுக்காக எழுதினதுபோல இருக்கும். கடவுளிடம் திரும்ப உண்மையாக ஆசைப்பட்டும் மனசில் உறுதி வராமல் தவிக்கிறவர்கள், "தள்ளப்பட்டவர்கள்" என்ற பேச்சைக் கேட்டுக் கலங்க வேண்டாம். அவர் நெரிந்த நாணலை முறிக்கமாட்டார் என்கிறது. 12ஆம் பிரிவில், உறுதி வேண்டுமானால் ரகசியத்தைத் தோண்டாதே, உன்னிடம் கனி, அதாவது மனந்திரும்பியதன் அடையாளம், இருக்கிறதா பார் என்கிறது.

மெதடிஸ்ட் மச்சான்

ஐயா, கோடு போட்டவரிடமே கோளாறு. ரோமர் 9 வாசித்தவர் 11ஆம் அதிகாரம் வரை ஏன் போகவில்லை? பவுல் அங்கே தனித்தனி ஆளைப் பற்றிச் சொல்லவே இல்லை, இஸ்ரவேல் என்ற ஜனத்தின் கதையைச் சொல்கிறார். "எல்லார்மேலும் இரக்கமாயிருக்க" என்றுதான் முடிக்கிறார். எங்கள் மெதடிஸ்ட் சபைக்கு வழிபோட்ட வெஸ்லி 1739இல் இந்தத் தெரிந்துகொள்ளுதல் உபதேசத்தை எதிர்த்துப் பிரசங்கம் செய்தார். அவருடைய நண்பர் வைட்ஃபீல்டு அடுத்த வருஷமே மறுத்து எழுதினார். அத்தனை சண்டைக்கும் பிறகு, 1770இல் வைட்ஃபீல்டு இறந்தபோது லண்டனில் நினைவுப் பிரசங்கம் செய்தது யார்? வெஸ்லிதான். ஆகையால் நானும் பெங்களூர் தம்பியும் இங்கே அடித்துக்கொள்ள மாட்டோம்.

மூன்று நாள் உபவாசம் இருங்கள். விடுதலை வரும்.

தோப்புக்காரன்

இரண்டு பேருக்கும் நன்றி. உபவாசம் இருந்து பார்த்தாச்சு தம்பி, சர்க்கரை இறங்கி வீட்டுக்காரியிடம் திட்டு வாங்கினதுதான் மிச்சம். கண்ணாடி என்று சொன்னது நன்றாக இருக்கிறது. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு அது வேலை செய்யவில்லை.

ஓய்வுபெற்ற டீச்சர், பாளையங்கோட்டை

தம்பி, எல்லாரும் ஏசாவைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் ஒன்று கேட்கட்டுமா? அந்தக் "குடும்ப விஷயம்" என்ன? யாருக்குச் செய்தீர்கள்? பெயர் வேண்டாம். எவ்வளவு என்று மட்டும் சொல்லுங்கள்.

தோப்புக்காரன்

டீச்சர், இதை எழுத இரண்டு நாள் ஆகிவிட்டது.

அக்காவுக்கு. நாங்கள் இரண்டே பேர். அம்மா முன்னமே போய்விட்டாள், அப்பா 2009இல். உயில் இல்லை. 84 சென்ட் தென்னந்தோப்பு. 2010இல் அக்காவை நாகர்கோவிலிலிருந்து வரவழைத்து, அவளுடைய பாகத்தை எனக்கு விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினேன். கையில் 50 ஆயிரம் கொடுத்தேன். அவள் கல்யாணத்துக்குச் சீதனம் கொடுத்தாச்சே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பத்திர ஆபீஸில் விரல் ரேகை வைக்கும்போது அக்கா கேட்டாள், "இதுல என்னடே எழுதியிருக்கு?" "ஒண்ணுமில்ல அக்கா, அப்பா பேர்ல இருந்து மாத்துறதுக்கு" என்றேன். அவள் மறு கேள்வி கேட்கவில்லை. விரலில் ஒட்டிய மையைச் சேலை முந்தியின் உள்பக்கத்தில் துடைத்தாள், வெளியே தெரியக்கூடாது என்று. அப்புறம் எதிர்க்கடையில் எனக்கு டீயும் ரசவடையும் வாங்கித் தந்தாள். காசு அவள்தான் கொடுத்தாள். நான் கொடுத்த நோட்டிலிருந்து இல்லை, தனியாகச் சுருட்டி வைத்திருந்ததிலிருந்து.

2017இல் ரோட்டோரம் இருந்த 20 சென்டை 38 லட்சத்துக்கு விற்றேன். இப்போது குடியிருக்கும் வீடு அதில் கட்டினதுதான். அத்தான் தவறி ஏழு வருஷம் ஆகிறது. அக்கா தையல் தைக்கிறாள். கிறிஸ்துமஸுக்கு என் பேரப்பிள்ளைக்குச் சட்டை தைத்து அனுப்புகிறாள்.

ஓய்வுபெற்ற டீச்சர், பாளையங்கோட்டை

வாசித்தேன். கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

தம்பி, நீங்கள் உங்களை ஏசா என்று நினைத்து நடுங்குகிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. கூடப்பிறந்ததின் பங்கைத் தந்திரமாக வாங்கினது யார்? நம்பிக் கேட்டவரிடம் பொய் சொன்னது யார்? உங்கள் கதையில் ஏசா நாகர்கோவிலில் தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கிறாள். நீங்கள் யாக்கோபு.

அந்தப் போதகர் போட்ட கோட்டில் யாக்கோபு நல்ல பக்கம்தானே, சரி. தாயின் வயிற்றிலேயே தெரிந்துகொள்ளப்பட்டவன். ஆனால் அவனைக் கர்த்தர் எப்படி நடத்தினார்? தாய்மாமன் லாபான் வீட்டில் இருபது வருஷம். அங்கே இவனையே ஏமாற்றினார்கள். பிறகு ஊருக்குத் திரும்பும் வழியில் அண்ணன் 400 பேரோடு எதிரே வருகிறான் என்று சேதி. அப்போது என்ன செய்தான் என்று ஆதியாகமம் 32இல் கணக்கே இருக்கிறது. ஞாயிறு பள்ளியில் நான் பிள்ளைகளைக் கூட்டச் சொல்வேன். வெள்ளாடு 200, கடா 20, செம்மறியாடு 200, ஆட்டுக்கடா 20, பால் கொடுக்கும் ஒட்டகம் 30, பசு 40, காளை 10, கோளிகைக் கழுதை, அதாவது பெட்டைக் கழுதை 20, கழுதைக்குட்டி 10. ஒட்டகக் குட்டிகளைச் சேர்க்காமலே 550. மொத்தமும் அண்ணனுக்கு. நான் தெரிந்துகொள்ளப்பட்டவன், நீ வேறு பக்கம் என்று சொல்லிக்கொண்டு அவன் சுற்றி வேறு வழியாகப் போகவில்லை. ஏழு தரம் தரையில் விழுந்து வணங்கினான், அதுவும் நொண்டிக்கொண்டு.

அழுகை உங்களுக்கு வரவில்லை என்று நான் சொல்லமாட்டேன். அது போகிற இடம்தான் தப்பு. கன்வென்ஷன் பந்தலில் மூன்று தடவை அழுதீர்கள், அங்கே அக்கா இல்லையே. கர்த்தரிடம் போய்க் கேட்டால் அவர் அந்த விலாசத்தைத்தான் எழுதித் தருகிறார் போலிருக்கிறது. நீங்கள் அதை மடித்து வைத்துவிட்டு, "என் பெயர் புஸ்தகத்தில் இருக்கிறதா" என்று மறுபடி அவரையே கேட்கிறீர்கள். கடுமையாகச் சொன்னால் மன்னியுங்கள், முப்பத்திரண்டு வருஷம் டீச்சர்.

இறையியல் மாணவன், பெங்களூர்

டீச்சர், நான் கனி என்று எழுதிவிட்டு, என்ன கனி என்று அண்ணனிடம் கேட்கவே இல்லை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஆதியாகமம் 33:11இல் யாக்கோபு "என் காணிக்கையை ஏற்றுக்கொள்ளும்" என்கிறான். அங்கே எபிரெயத்தில் உள்ள சொல் பெராகா. அதற்கு நேர் பொருள் ஆசீர்வாதம். 27ஆம் அதிகாரத்தில் அண்ணனிடமிருந்து பிடுங்கினானே, அதே சொல்.

ஓய்வுபெற்ற டீச்சர், பாளையங்கோட்டை

இத்தனை வருஷம் கணக்குக் கூட்டினேன், இது தெரியாமல் போயிற்று! ஆனால் தம்பி, யாக்கோபைப் பெரிய ஆளாக்க வேண்டாம். அண்ணனிடம் அவன் ஊரான சேயீருக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, அடுத்த வசனங்களிலேயே சுக்கோத்துக்குத் திரும்பிவிட்டான்.

பத்திர எழுத்தர், மார்த்தாண்டம்

தோப்புக்காரரே, தொழில் முறையில் இரண்டு வார்த்தை. சீதனம் கொடுத்தால் பெண்ணுக்குப் பங்கு முடிந்தது என்று நம் பக்கத்தில் இன்னும் பேசுகிறார்கள். அது 1916ஆம் ஆண்டு திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டத்தின் மிச்சம். மகனுடைய பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அதுதான் மகளுக்கு என்று இருந்தது. மேரி ராய் வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம், அந்தச் சட்டம் 1951லேயே போய்விட்டது, 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும் என்று சொல்லிவிட்டது. அப்பா இறந்த அன்றே அக்காவுக்கு நேர் பாதி, 42 சென்ட். திருப்பிக் கொடுப்பதாக இருந்தால் வாய்ப்பேச்சு வேண்டாம். அளந்து, உட்பிரிவு செய்து, செட்டில்மென்ட் பத்திரமாக எழுதிக் கொடுங்கள். முதலில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள்.

தோப்புக்காரன்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

போனேன். முதல் தடவை வடசேரி பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன். இரண்டாம் தடவை வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு போனேன். முந்தின ராத்திரிதான் அவளிடம் எல்லாம் சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் சமையல்கட்டுக்குப் போய், கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.

அக்கா ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். பத்திரத்தின் நகலை முன்னால் வைத்து, "அன்னைக்கு நான் சொன்னது பொய் அக்கா" என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள். முழுசும் வாசித்தாள், சாட்சிகள் பெயர் வரைக்கும். 42 சென்டைத் திருப்பித் தருகிறேன் என்றேன். அழுவாள் என்று நினைத்தேன், கட்டிப்பிடிப்பாள் என்றும் நினைத்தேன். பொய் சொல்வானேன்.

அவள் கேட்டது இது: "ரோட்டுப் பக்கம் வித்தாச்சு. உள்ள கிடக்கிறதை எனக்குத் தாறியா?"

அதை நான் யோசிக்கவே இல்லை. 64 சென்ட் மீதி இருக்கிறது, 42 கொடுத்தால் கணக்குத் தீர்ந்தது என்று வழியெல்லாம் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். உள்ளே இருப்பதற்கு வண்டிப்பாதை கூடக் கிடையாது. "என் மகன் படிப்புக்கு நகையை வைத்து ஏழு வருஷம் வட்டி கட்டினேனே, அது எந்தக் கணக்கில் வரும்?" என்றும் அக்கா கேட்டாள். சத்தம் போடவில்லை, கொக்கி தைத்துக்கொண்டே கேட்டாள். "மன்னிச்சிட்டேன்னு இப்ப என்னால சொல்ல முடியாது மக்கா. பையன் வரட்டும்" என்றாள். அன்றைக்கு டீ தரவில்லை.

திரும்பும்போது வீட்டுக்காரி சொன்ன யோசனை, என் பங்கிலிருந்து பாதைக்கு இடம் விட்டு, 38 லட்சத்தில் பாதியைத் தவணையாகக் கொடுப்பது. காரை விற்க வேண்டிவரும். ஓய்வுக்கு என்று போட்டு வைத்ததையும் உடைக்க வேண்டும். கமிட்டியிலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன், காரணம் ஆயருக்கு மட்டும் தெரியும்.

டீச்சர், பாரம் இறங்கியதா என்று கேட்பீர்கள். இல்லை. மன்னிப்பும் கிடைக்கவில்லை, கையில் காசும் நிற்கப்போவதில்லை. நான் தெரிந்துகொள்ளப்பட்டவனா என்பது இன்றும் எனக்குத் தெரியாது. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால், இப்போது மனசு ஏசாவிடம் போகவில்லை. பாதைக்குப் பத்தடி போதுமா, பன்னிரண்டடி விட வேண்டுமா என்று போகிறது. "என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை" என்ற ஒரு வரியை மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுக்கிறேன்.

அக்கா மகன் வியாழக்கிழமை ஊருக்கு வருகிறான். வெள்ளிக்கிழமை சர்வேயர் வருகிறார், மழை விட்டால். எழுத்தர் ஐயா, செட்டில்மென்ட் பத்திரத்தோடு பாதை உரிமையையும் ஒன்றாகவே எழுதலாமா, தனியாக எழுத வேண்டுமா?

பத்திர எழுத்தர், மார்த்தாண்டம்

ஒன்றாகவே எழுதலாம். பன்னிரண்டடி விடுங்கள், லாரி போகட்டும்.