டீசல் காரில் சிஎன்ஜி கலந்து ஓட்டினால் இன்ஜின் தாங்குமா?

கேள்வி – தாராபுரத்திலிருந்து

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு டீசல் கார் 2015ஆம் ஆண்டு வாங்கியது. டர்போவும், எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து உயர் அழுத்தத்தில் டீசல் தரும் காமன் ரெயிலும் உள்ள இன்ஜின். நூல் கொள்முதலுக்காக அவிநாசிபாளையம் வழியாகத் திருப்பூருக்கு அடிக்கடி போய்வருவதால் டீசல் செலவு கையைக் கடிக்கிறது. டிக்கியில் சிஎன்ஜி சிலிண்டர் வைத்து, இன்ஜினுக்குக் காற்று போகும் வழியில் கேஸைக் கலந்துவிட்டால் டீசல் பாதியாகக் குறையும் என்று ஒரு பட்டறையில் உறுதியாகச் சொல்கிறார்கள். இன்ஜின் தாங்குமா, ஆர்சி புத்தகத்தில் சிக்கல் வருமா என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் – சிங்காநல்லூர், டீசல் பம்ப், நாசில் (இன்ஜெக்டரின் தூவும் முனை) வேலை செய்பவர்

தம்பி, பெட்ரோல் காரில் கேஸ் போடுவதைப் பார்த்து இதையும் அப்படியே எண்ணிவிட வேண்டாம். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றைப் பதினாறு, பதினெட்டு மடங்கு அழுத்தும்போது எழும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. டீசல் தானாகப் பற்ற ஏறத்தாழ 210 டிகிரி செல்சியஸ் போதும். சிஎன்ஜியின் பெரும்பகுதியான மீத்தேனுக்கு 540 டிகிரி அளவுக்கு வேண்டும். அதனால் ஒவ்வொரு முறையும் சிறிது டீசல் பாய்ந்து, திரி போல முதலில் எரிந்து, அதன் பிறகே கேஸைப் பற்றவைக்கிறது. ஐடிலிங்கில் வண்டி முழுக்க டீசலில்தான் நிற்கும். பாதிக்குப் பாதி என்பது நடுத்தர வேகத்தில் சீராகப் போகும்போது மட்டுமே கிட்டக்கூடியது.

பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டியில் கேஸ் வந்ததும், இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் தானாக டீசலைக் குறைத்துவிடும். காமன் ரெயிலில் எவ்வளவு டீசல் போக வேண்டும் என்பதை இசியு என்ற இன்ஜின் கணினி கணக்கிடுகிறது. ஆக்சிலரேட்டர் சென்சாரிலிருந்தோ ரெயில் பிரஷர் சென்சாரிலிருந்தோ வரும் சிக்னலை நடுவில் மாற்றி அனுப்பித்தான் கேஸ் கிட் டீசலைக் குறைக்க முடியும். இந்த டியூனிங் சரியாக அமையாவிட்டால் இன்ஜின் நாக் அடிக்கும் (எரிபொருள் முறைகெட்டு வெடித்துத் தட்டும்), புகையின் சூடு ஏறி டர்போவும் பாதிக்கப்படும். நாசில் முனையின் சூட்டைத் தணிப்பதில் அதன் வழியே பாயும் டீசலுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த ஓட்டம் குறைந்தால் முனை வெந்து, துளைகளில் கரி பிடித்து, டீசல் தூவலாக விழாமல் சொட்டத் தொடங்கும். அப்படிச் சொட்டிய இடத்தில் பிஸ்டன் தலை உருகி, கட்டைவிரல் பதியும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்ததைக் கழற்றிப் பார்த்திருக்கிறேன்.

பதில் – இராசிபுரத்திலிருந்து

எங்கள் பக்கத்து சேகோ ஆலைகளில் மரவள்ளிக் கழிவுநீரிலிருந்து கிடைக்கும் கேஸை டீசல் ஜெனரேட்டரில் கலந்து ஓட்டுவது பழகிய வேலைதான், நல்ல மிச்சமும் தருகிறது. ஆனால் ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 1500 சுற்று என்று ஒரே வேகத்தில், பெரும்பாலும் ஒரே பாரத்தில் ஓடுவது. காரோ பல்லடம் சிக்னலில் ஊர்ந்து, உடனே ஓவர்டேக் எடுத்து, மறுபடி ஊர்வது. பாரம் குறைவாக இருக்கும்போது காற்றில் கேஸ் மிக மெலிதாகக் கலப்பதால் ஒரு பகுதி எரியாமலேயே சைலன்சர் வழியே போய்விடுகிறது. நாம் காசு கொடுத்து வாங்கிய கேஸ் வீணாவதோடு, நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடிக்கும் மீத்தேன் அப்படியே காற்றில் கலக்கிறது. இதைப் பசுமை எரிபொருள் என்று சொல்லி விற்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

பதில் – ஈரோட்டிலிருந்து

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் பிரிவு 52, பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. எரிபொருள் மாற்றத்துக்கு அங்கீகாரம் பெற்ற கிட்டும் ஆர்டிஓவின் ஒப்புதலும் வேண்டும். 2022இல் மத்திய அரசு வெளியிட்ட விதித் திருத்தமும் 3.5 டன்னுக்குக் குறைவான பிஎஸ்-6 (புகைக் கட்டுப்பாட்டுத் தரம்) வண்டிகளில் பெட்ரோலுக்குக் கேஸ் கிட் பொருத்துவதையும், டீசலுக்கு இன்ஜினையே கேஸ் இன்ஜினாக மாற்றுவதையும் பற்றித்தான் பேசுகிறது. பட்டறைக்காரரிடம் உங்கள் மாடலுக்கு அந்த கிட் அங்கீகரிக்கப்பட்டதைக் காட்டும் டைப் அப்ரூவல் சான்றைக் கேளுங்கள். அது இல்லையென்றால் விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ் கிளெய்ம் நிராகரிக்கப்படவும் இடமுண்டு.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி அண்ணா. சிஎன்ஜிக்குப் பதிலாக எல்பிஜி கலந்தால் சிலிண்டர் எடை குறையுமே, அது பரவாயில்லையா?

பதில் – சிங்காநல்லூர்

எடை குறையும் என்பது சரிதான். சிஎன்ஜியை 200 பார் அழுத்தத்தில் அடைப்பதால் கனத்த சிலிண்டர் வேண்டும். 60 லிட்டர் சிலிண்டரில் ஒன்பது, பத்து கிலோதான் பிடிக்கும். ஆனால் டீசல் இன்ஜினின் அழுத்தத்தில் எல்பிஜி மீத்தேனைவிட எளிதாக நாக் அடிக்கும் என்பதால் கலக்கும் அளவை இன்னும் குறைக்க வேண்டியிருக்கும், மிச்சமும் அந்த அளவுக்குச் சுருங்கும். வீட்டுச் சிலிண்டரை வண்டியில் மாட்டும் பேச்சை யார் எடுத்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். அது சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. இப்போதைக்கு நான்கு இன்ஜெக்டரையும் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் போட்டு, தூவலையும் ரிட்டர்ன் அளவையும் (எரியாமல் திரும்பி வரும் டீசல்) பார்க்கச் சொல்லுங்கள். பத்து ஆண்டு ஓடிய வண்டியில் டீசல் வீணாகும் இடம் பல நேரம் அங்கேயே தெரிந்துவிடும்.