குளோஸ்டு பெர்மிட்காரருக்கு ஈ.ஐ.: காசு பிடிக்கலாம், கொடுக்கக் கூடாதா?

கொங்குப்பையன்:
கனடால பிராம்ப்டன் பக்கம் ஒரு உணவுத் தொழிற்சாலைல வேலை பார்த்தேன். எல்.எம்.ஐ.ஏ. (இங்க ஆள் கிடைக்கலைன்னு காட்டி முதலாளி வாங்கற அனுமதி) வழியா வந்த குளோஸ்டு பெர்மிட், அதுல அந்த ஒரு கம்பெனி பேர் மட்டும்தான் இருக்கு. ஆர்டர் குறைஞ்சுபோச்சுன்னு நைட் ஷிப்டையே எடுத்துட்டாங்க. ஈ.ஐ., அதாவது வேலை போனவங்களுக்கான கவர்மென்ட் இன்சூரன்ஸ், அப்ளை பண்ணேன். போன்ல பேசின ஆபீசர், "நாளைக்கே வேற இடத்துல கூப்பிட்டா சேர முடியுமா?"ன்னு கேட்டார். முதல்ல பெர்மிட் மாத்தணும்னு உள்ளதைச் சொன்னேன். வேலைக்குத் தயாரா இல்லைன்னு மறுத்து லெட்டர் வந்துடுச்சு. ஒவ்வொரு பே ஸ்டப்லயும் ஈ.ஐ.ன்னு பிடிச்சாங்களே, அப்ப யாரும் என் பெர்மிட்டைப் பாக்கலையே?

மார்க்கம் மாமா:
தம்பி, கவலையான விசயம்தான். ஆனா சட்டம் பிழை எண்டு சொல்லமாட்டன். இந்த வேலைக்கு இங்கை ஆள் இல்லை எண்டு முதலாளி காட்டினபடியால்தான் உமக்குப் பெர்மிட் கிடைச்சது. ஈ.ஐ. எண்டது அடுத்த வேலை தேடுற ஆளுக்கு இடையிலை குடுக்கிற காசு. அடுத்த வேலைக்குச் சட்டப்படி போகேலாது எண்டால் எதுக்கு இடையிலை காசு? பி.ஆர். எண்ட நிரந்தர வதிவிடக்காரர், சிற்றிசன் எண்டால் கதை வேறை.

பேரோல் அக்கா:
"கதை வேறை" என்று சட்டத்தில் எழுதியிருக்கவில்லை மாமா. ஈ.ஐ. சட்டம் குடியுரிமை கேட்பதில்லை. இடத்துக்கு இடம் 420 முதல் 700 வரை வேலை மணி இருக்க வேண்டும், தன் பிழையில்லாமல் வேலை போயிருக்க வேண்டும், வேலை செய்யத் தயாராக இருக்க வேண்டும். பி.ஆர்.காரருக்கும் இதேதான். போன மாதம் இங்கே வந்திறங்கி மணி சேராதவருக்கு பி.ஆர். அட்டையைக் காட்டினாலும் ஒன்றும் வராது.

காசுக் கணக்கையும் சொல்கிறேன், என் வேலையே சம்பளக் கணக்குத்தானே. மணிக்கு 20 டாலர், கிழமைக்கு 40 மணி என்றால் 800. 2025இல் ஈ.ஐ. பிரீமிய விகிதம் 100 டாலருக்கு 1.64 ஆக இருந்தது. அதன்படி தொழிலாளியிடம் 13.12 பிடிப்போம், முதலாளி அதைப்போல 1.4 மடங்கு, 18.37 கட்டுவார். தற்காலிகமாக வந்தவர்களுக்குக் கொடுக்கும், 9இல் தொடங்கும் சின் நம்பர் (சமூகக் காப்பீட்டு எண்) என்பதற்காக ஒரு சதமும் குறைப்பதில்லை. 1990க்குப் பிறகு அரசாங்கம் தன் பங்கென்று இதில் எதுவும் போடுவதுமில்லை. ஆகவே "எங்கடை வரிக்காசு" என்று யாரும் தொடங்க வேண்டாம்.

மார்க்கம் மாமா:
நான் வரிக்காசு எண்டு சொல்லவே இல்லையே பிள்ளை. காசு கட்டின எல்லாருக்கும் குடுக்கிறதெண்டால் அது இன்சூரன்ஸ் இல்லை, சீட்டு. காரணமில்லாமல் தானே வேலையை விட்டவனும் கட்டினவன்தான், அவனுக்கு இல்லை. ஊரிலை போய் நிக்கிற சிற்றிசனுக்கும் இல்லை. நிபந்தனை எல்லாருக்கும் ஒண்டுதான்.

கொங்குப்பையன்:
சீட்டுன்னா கடைசிலயாவது எடுத்துடலாம் மாமா. நான் வேலைய விடலை, ஊருக்கும் போகலை. என்னைக் கட்டிப்போட்டது பெர்மிட். அதை எழுதிக் குடுத்ததும் இதே கவர்மென்ட்தான். ஒரு ஆபீஸ் கட்டிப்போடும், இன்னொரு ஆபீஸ் ஏன் நடக்கலைன்னு கேக்குமா?

லெமிங்டன்வாசி:
தம்பியாவது இங்கே இருந்துகொண்டு வாதாடலாம். எங்கள் ஊர்ப் பசுமைக்கூடாரங்களில் தக்காளியும் வெள்ளரியும் பறிக்கிற ஜமைக்கா, மெக்சிகோ ஆட்களைப் பாருங்கள். அவர்கள் வருகிற பருவகால விவசாயத் தொழிலாளர் திட்டம் 1966இல் ஜமைக்காவோடு தொடங்கியது. வருசத்துக்கு எட்டு மாதம்தான் வேலை, டிசம்பர் 15க்குள் நாட்டை விட்டுப் போய்விட வேண்டும். வேலை முடிகிற நேரமும் விமானம் ஏறுகிற நேரமும் ஒன்று. நாட்டுக்கு வெளியே நின்று சாதாரண ஈ.ஐ. எடுக்க முடியாது. அதனால் எத்தனை சீசன் வந்து போனாலும் கட்டுவது மட்டும்தான். முன்பு பிள்ளை பிறந்தால் ஈ.ஐ.யின் பெற்றோர் சலுகையாவது ஊரிலிருந்து எடுத்தார்கள். 2012 டிசம்பரில் அதையும் மூடினார்கள். கட்டிய பிரீமியத்தையும் சேர்த்துக் கேட்டு 2023இல் ஒன்ராறியோவில் கூட்டு வழக்கே போட்டார்கள். மாமா, நிபந்தனை எல்லாருக்கும் ஒன்று என்கிறீர்களே, அதை ஒருநாளும் நிறைவேற்ற முடியாதவனிடம் ஏன் காசு பிடிக்க வேண்டும்?

மார்க்கம் மாமா:
அது நியாயமான கேள்வி. அப்ப பிடிக்காமல் விடட்டும்! குளோஸ்டு பெர்மிட்காரரிட்டை ஈ.ஐ. வெட்டாதையுங்கோ, அவையும் கேக்காயினம். பிரச்சினை தீர்ந்துது.

பேரோல் அக்கா:
தீராது, கூடும். பிரீமியம் இல்லையென்றால் முதலாளிக்கும் அந்த 18.37 மிச்சம். ஐம்பது பேர் வேலை செய்யும் தொழிற்சாலையில் பெருக்கிப் பாருங்கள். உங்கள் மகனைவிட வெளிநாட்டுத் தொழிலாளி மலிவு என்று சட்டமே சொன்ன மாதிரி ஆகிவிடும். இங்கே ஆள் கிடைக்கவில்லை என்று எல்.எம்.ஐ.ஏ. எழுதுகிறவர்கள் இன்னும் கூடுவார்கள்.

மார்க்கம் மாமா:
முதலாளியின்ரை பங்கை எடுக்கட்டும், தொழிலாளியின்ரை பங்கைத் திருப்பிக் குடுக்கட்டும். அதுக்கென்ன?

இன்னொண்டு. எல்.எம்.ஐ.ஏ.யைக் கள்ளமாய்க் காசுக்கு விக்கிறாங்கள் எண்டு எல்லாருக்கும் தெரியும். வேலையே பேப்பரிலை மட்டும் இருந்த ஆள், பிறகு வேலை போட்டுது எண்டு ஈ.ஐ.க்கு வந்து நிண்டால்? கேக்கிறவன் கேக்கத்தான் செய்வான்.

கொங்குப்பையன்:
விக்கிறவனைப் பிடிங்க. எல்.எம்.ஐ.ஏ.வுக்குக் கட்டுற 1,000 டாலரை முதலாளிதான் போடணும், தொழிலாளிகிட்ட வாங்கக் கூடாதுன்னு விதி இருக்கு. நான் நைட் ஷிப்ட்ல குளிரறைல நின்னு பெட்டி அடுக்கினவன், பேப்பர்ல நின்னவன் இல்ல.

கேக்கறேன்னு தப்பா எடுக்காதீங்க. உங்க ஈழத்து ஆளுங்கள்ல எத்தனையோ பேர் அகதிக் கோரிக்கை முடியாத காலத்துல பெர்மிட்லதானே வேலை பார்த்தாங்க? அவங்களும் அப்ப பி.ஆர். இல்லையே.

மார்க்கம் மாமா:
தப்பா எடுக்கேல்லை. ஆனா அகதிக் கோரிக்கை வைச்சவைக்குக் குடுக்கிறது திறந்த பெர்மிட். ஒரு ரெஸ்ரோரன்ற் மூடினால் பக்கத்து ரெஸ்ரோரன்றிலை கோப்பை கழுவலாம். நான் முதல்லை இருந்து சொல்லுற வித்தியாசம் அதுதான்.

லெமிங்டன்வாசி:
அப்படியென்றால் பிழை தொழிலாளியிடம் இல்லை, பெர்மிட்டில் இருக்கிறது. அதைத்தானே நாங்களும் சொல்கிறோம்! துன்புறுத்தலுக்கு ஆளானவர்களுக்கு 2019இலிருந்து திறந்த பெர்மிட் கொடுக்கிறார்கள். சும்மா லே-ஆஃப் ஆனவனுக்கு அது கிடையாது. முதலாளி அடித்தால்தான் கதவு திறக்கும் போல.

ஸ்காபரோ புதுசு:
நடுவுல ஒரு சந்தேகம். எனக்கு பி.ஆர். இருக்கு, ஈ.ஐ. எடுத்தா அம்மா அப்பாவை ஸ்பான்சர் பண்ண முடியாதுன்னு ரூம்மேட் பயமுறுத்துறான்.

பேரோல் அக்கா:
ஸ்பான்சருக்குத் தடையாவது வெல்ஃபேர் என்கிற அரச உதவிப்பணம், ஈ.ஐ. வெல்ஃபேர் அல்ல. ஆனால் பெற்றோரை ஸ்பான்சர் செய்ய வருமானம் காட்டும்போது சாதாரண ஈ.ஐ. பணத்தைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் பார்ப்பார்கள். மகப்பேறு போன்ற சிறப்புச் சலுகைகளைக் கழிக்க மாட்டார்கள்.

கொங்குத் தம்பி, நீங்கள் மறுபரிசீலனை கேளுங்கள், 30 நாள் தவணை. குளோஸ்டு பெர்மிட் என்றாலே இல்லை என்று சட்டத்தில் கிடையாது, ஆளாளுக்குத் தனித்தனியாகப் பார்க்க வேண்டியது. வேலை கேட்டு அனுப்பிய ஈமெயில், உங்களுக்காக எல்.எம்.ஐ.ஏ. போடத் தயார் என்று யாராவது முதலாளி எழுதிக் கொடுத்தால் அது, புதுப் பெர்மிட்டுக்கு விண்ணப்பித்த ரசீது, எல்லாவற்றையும் வையுங்கள். "பெர்மிட் மாத்தணும்" என்பதோடு நிறுத்தாமல், அதற்கு என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்பதைக் காட்ட வேண்டும். முதலாளி தரும் வேலைப் பதிவுத்தாளான ஆர்.ஓ.ஈ.யில் 16ஆம் பெட்டியில் என்ன எழுத்து?

கொங்குப்பையன்:
"ஏ"ன்னு இருக்குக்கா.

பேரோல் அக்கா:
நல்லது, வேலைக் குறைவு என்று அர்த்தம். "ஈ" என்று போட்டிருந்தால் தானே விட்டதாக ஆகி, அதற்கு வேறு சண்டை போட வேண்டியிருக்கும். முடிவு தெரிந்த நாளிலிருந்து 30 நாளை எண்ணுங்கள். அங்கேயும் மறுத்தால் சமூகப் பாதுகாப்புத் தீர்ப்பாயம் இருக்கிறது.

மார்க்கம் மாமா:
போடும் தம்பி, போட்டுப் பாரும். வெண்டாலும் நான் கேப்பன்: புதுப் பெர்மிட் வரும்வரை எத்தினை கிழமைக்குக் குடுக்கிறது?

கொங்குப்பையன்:
எல்லாருக்கும் இருக்கிற அதே 14லருந்து 45 வாரம்தான் மாமா. ஒரு வாரம்கூட அதிகமாக் கேக்கலை.