அண்ணன் கூப்பிட்டால் எதற்கும் துணியும் தம்பி: பிரித்து வைப்பதா, பழக்குவதா?

கேள்வி: குன்னூர் வாசகி

அனைவருக்கும் வணக்கம். குன்னூரிலிருந்து கோத்தகிரி செல்லும் சாலையை ஒட்டிய ஒரு தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் வசிக்கிறோம். மூத்தவன் எட்டாம் வகுப்பிலும் இளையவன் இரண்டாம் வகுப்பிலும் படிக்கிறார்கள். மூத்தவனும் அவன் கூட்டாளிகளும், ஒர்க்‌ஷாப்பில் கழித்துப் போட்ட பேரிங்குகளைப் பலகையில் மாட்டி வண்டி செய்து, பேக்டரிக்கு இறங்கும் சரிவில் ஓட்டுகிறார்கள். பள்ளி விட்டு வந்ததும் இளையவனும் அதில் தொற்றிக்கொள்கிறான். வீட்டில் நாற்காலி மேல் ஏறவே தயங்கும் பிள்ளை, அண்ணன் "வாடா" என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் தடுப்புச் சுவரின் மேலும் நடக்கிறான். மழைக்குப் பாசி பிடித்துக் கிடக்கும் அந்தச் சுவருக்கு மறுபக்கம் இரண்டு ஆள் உயரப் பள்ளம்.

இருவரையும் சேர விடவே கூடாது என்கிறார் மாமியார். மலையில் பிறந்த பிள்ளை சரிவில் இறங்கப் பழகத்தான் வேண்டும் என்கிறார் கணவர். இளையவனுக்கு வரும் இந்தத் துணிவு அவனுடையதா, அண்ணனிடம் கடன் வாங்கியதா என்றே எனக்கு விளங்கவில்லை. எதை அனுமதிப்பது, எதை நிறுத்துவது?

பதில்: உதகைவாசி (உளவியல் பயின்றவர்)

சகோதரிக்கு வணக்கம். பெரும்பகுதி கடன்தான் என்று எண்ணுகிறேன். ஆனால் அந்தக் கடனை எந்தப் பக்கமும் செலவழிக்க முடியும் என்பதை உங்கள் மாமியார் கவனிக்கவில்லை.

குழந்தைகளுக்கு ஏற்படும் காயங்களை நெடுங்காலமாக ஆராய்ந்து வரும் கனடா நாட்டு உளவியலாளர் பார்பரா மொராஞ்செலோ, 1997இல் வெளியான ஓர் ஆய்வில் இதையே சோதித்தார். ஆபத்து கூடிய வழியும் குறைந்த வழியும் உள்ள சூழல்களைக் காட்டி, எதைத் தேர்வாய் என்று இளைய பிள்ளைகளிடம் கேட்ட பிறகு, அந்த முடிவை மாற்றும்படி அவர்களை வற்புறுத்த மூத்த உடன்பிறப்புகளை அனுப்பினார்கள். மூத்தவர் ஆபத்தின் பக்கம் இழுத்தபோது இளையவர் அங்கே சாய்ந்தார். பாதுகாப்பின் பக்கம் இழுத்தபோதும் அதேபோல் சாய்ந்தார். இருவருக்குமிடையே பாசம் மிகுந்திருந்த இடங்களில் அந்தப் பேச்சு இன்னும் நன்றாகப் பலித்தது. ஆகவே இருவரையும் பிரித்து வைத்தால், "அதில் ஏறாதேடா" என்று அண்ணன் சொன்னால் தம்பி கேட்கும் வாய்ப்பையும் சேர்த்தே இழப்பீர்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். அவன் தம்பியை அழைப்பது தனியாக இருக்கும்போதா, கூட்டாளிகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதா? அமெரிக்காவில் கார்ட்னர், ஸ்டைன்பெர்க் ஆகிய இருவரும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், கணினியில் கார் ஓட்டும் விளையாட்டை ஆடிய 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள், தனியாக ஆடியதைவிட நண்பர்கள் அருகில் இருந்தபோது மிகுதியாகத் துணிந்தார்கள். 24 வயதைக் கடந்தவர்களிடம் அந்த வேறுபாடு தென்படவில்லை. உங்கள் மூத்தவன் சரியாக அந்த வயதில் நிற்கிறான். கூட்டாளிகள் இருக்கும்போது தம்பிக்கு வண்டி கிடையாது, அண்ணனும் தம்பியும் மட்டும் இருந்தால் ஓட்டலாம் என்ற ஒரே விதி, பத்து அறிவுரைகளைவிட உதவும்.

பதில்: கோத்தகிரி, ஓய்வுபெற்ற ஆசிரியர்

மேலே சொன்னதில் ஒரு பகுதியை ஏற்கிறேன். ஆனால் அதைப் படித்துவிட்டு மூத்தவனைத் தம்பிக்குக் காவல்காரனாக ஆக்கிவிடாதீர்கள் அம்மா. பெற்றோர் சொல்லுக்கு அடங்குவதுபோல் இளையவர்கள் அண்ணன் அதட்டலுக்கு அடங்குவதில்லை; அண்ணனுக்கும் பெரியவர்களைப் போல உடனே எழுந்து ஓடித் தடுக்கத் தோன்றாது. அடிபட்டால் மட்டும், "நீ என்ன பார்த்துக்கொண்டிருந்தாய்?" என்று அவன் முதுகில் விழும். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அது நியாயமில்லை.

எதை நிறுத்துவது என்று கேட்டீர்கள். பிள்ளை தன் கண்ணால் பார்த்து அளக்கக்கூடிய ஆபத்தையும், அளக்கவே முடியாத ஆபத்தையும் முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். சரிவு எவ்வளவு செங்குத்து, வண்டி எவ்வளவு வேகம் என்பது ஏழு வயதிலேயே உடம்புக்குத் தெரியும். பயந்தால் காலை ஊன்றிவிடுவான். கொண்டை ஊசி வளைவுக்கு அப்பால் பசுந்தேயிலை ஏற்றிக்கொண்டு லாரி வருகிறதா என்பது, தரையை ஒட்டி உட்கார்ந்து ஓட்டும் அவனுக்கும் தெரியாது, ஓட்டுநர் கண்ணில் அவனும் படமாட்டான். பொழுது சாயும் நேரத்தில் தேயிலைச் செடிகளுக்குள் காட்டெருமை நிற்பதும், கரடி கடந்து போவதும் நம் ஊரில் யாருக்கும் புதிதில்லை. ஆகவே லாரி போகாத கிளைப்பாதையில், வெளிச்சம் இருக்கும்போது மட்டும் ஓட்டட்டும்.

சுவர் மேல் மட்டும் எந்த நேரத்திலும் ஏற விடாதீர்கள். பாசி ஓரிடத்தில் காய்ந்தும் அடுத்த அடியில் ஈரமாகவும் இருக்கும். பழகிய காலும் அங்கே ஏமாறும். (மலையில் பிறந்த பிள்ளை என்று பெருமை பேசும் உங்கள் கணவரையே ஒரு மழை நாளில் அதன் மேல் நடந்து காட்டச் சொல்லுங்கள்.)

பதில்: கூடலூர்க்காரி

அக்கா, மூன்று பேருக்கு மூத்தவளாகப் பிறந்தவள் என்பதால் இதை எழுதுகிறேன். தம்பி தங்கை பின்னால் வரும்போது மூத்தவர்களுக்கு ஒரு பெருமிதம் இருக்கும். அதைத் திட்டிப் பறித்தால், பெற்றோர் கண்ணில் படாத இடத்துக்கு விளையாட்டு இடம்பெயரும். எங்கள் அப்பா எதையும் தடுப்பதற்கு முன், "இதை எப்படிச் செய்ய வேண்டும் என்று தம்பிக்குச் சொல்லிக் கொடு, நானும் கேட்கிறேன்" என்பார். வாய்விட்டுச் சொல்லும்போதுதான் எது ஆபத்து என்பது எனக்கே உறைக்கும். சில விளையாட்டுகளைத் தம்பிக்கு வேண்டாம் என்று நானே நிறுத்தியிருக்கிறேன்.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் மிக்க நன்றி. சுவரைப் பற்றி மாமியாரும் கணவரும் இப்போது ஒரே கருத்துக்கு வந்துவிட்டார்கள். வண்டியை லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) பின்புறமுள்ள மண் பாதைக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன். கூட்டாளிகள் இருக்கும்போது தம்பிக்கு இடமில்லை என்பதற்கு மூத்தவன் முகத்தைத் தூக்கினாலும் ஒத்துக்கொண்டான். அந்த வண்டிக்கு பிரேக் கிடையாது, செருப்புக் காலைத் தரையில் தேய்த்துத்தான் நிறுத்துகிறார்கள். அதற்கு ஏதேனும் வழியுண்டா?

பதில்: கோத்தகிரி, ஓய்வுபெற்ற ஆசிரியர்

உண்டு. முழங்கை நீளக் கட்டையின் ஒரு முனையில் பழைய டயர்த் துண்டை ஆணியடித்து, நடுவில் ஒரு போல்ட்டால் பலகையின் பக்கவாட்டில் மாட்டச் சொல்லுங்கள். மேல் முனையைக் கையால் இழுத்தால் டயர் தரையில் அழுந்தி வண்டி நிற்கும். இளையவன் ஓட்டும் வண்டிக்கு அதை அண்ணனே செய்து கொடுக்கட்டும்.