ஏனோக்கும் எலியாவும் சாகவே இல்லையா? மகனுக்கு என்ன சொல்வது?

பாம்பன் தெற்குவாடி:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் பங்கில் ஞாயிறு மறைக்கல்வி எடுக்கிறேன், நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு. என் மகனும் அதே வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறான்.

போன வாரம் விவிலியத்தின் முதல் நூலான தொடக்க நூல், ஐந்தாம் அதிகாரம். வெறும் வம்ச வரலாறுதானே, வேகமாக வாசித்து முடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஆதாம் 930 ஆண்டு வாழ்ந்தார், இறந்தார். சேத்து 912, இறந்தார். ஏனோசு 905, இறந்தார். கொஞ்ச நேரத்தில் பிள்ளைகளுக்குப் பழகிவிட்டது. நான் எண்ணைச் சொன்னதும் எல்லாரும் சேர்ந்து 'இறந்தார்' என்று சத்தம் போட ஆரம்பித்துவிட்டார்கள். ஏனோக்குக்கு 365 என்று வாசித்தேன், அப்போதும் 'இறந்தார்' என்றார்கள். ஆனால் அந்த இடத்தில் அந்தச் சொல் இல்லை. கடவுளோடு நடந்தார், பிறகு காணப்படவில்லை, கடவுள் அவரை எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான் இருக்கிறது. வகுப்பு சட்டென்று அடங்கிவிட்டது.

அப்போது என் மகன் கேட்டான்: "அப்ப தாத்தாவும் சாகலையாம்மா? அவருக்கும் கல்லறை இல்லையே."

என்ன சொல்வதென்று தெரியாமல் அடுத்த பக்கத்தைத் திருப்பிவிட்டேன். அதுதான் ஒரு வாரமாக மனதை அறுக்கிறது.

அப்பா 1997 ஐப்பசியில் கடலுக்குப் போனவர். எனக்குப் பதினோரு வயது. தென்கடலில் ஒரு வல்லம், நாலு பேர். ராத்திரி காற்று பிடித்து வல்லம் கவிழ்ந்துவிட்டது. இரண்டு பேர் காலி கேனைக் கட்டிப்பிடித்துக் கிடந்து, விடிந்ததும் வேறு வல்லத்துக்காரர்கள் கண்ணில் பட்டுக் கரை சேர்ந்தார்கள். அப்பாவும் இன்னொருவரும் வரவில்லை. குருசடைத் தீவு, முயல்தீவு, மனோலித் தீவு வரைக்கும் ஊரே போய்த் தேடியது. மூன்று நாள். கிடைத்தது அப்பாவின் வெற்றிலைப் பெட்டி மட்டும்தான். சின்ன ஓலைப்பெட்டி, மூடி கழன்றிருக்கவில்லை. உள்ளே ஊறிப்போன இரண்டு கொட்டைப்பாக்கு இருந்தது. அந்தப் பெட்டி இன்றும் எங்கள் வீட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

ஏழு ஆண்டு யாருக்கும் தகவல் இல்லாமல் இருந்தால்தான் ஒருவர் இறந்ததாகக் கொள்வார்கள் என்று சட்டம். அந்த ஏழு வருடமும் அம்மாவுக்கு மனைவி, விதவை என்று எந்தப் பெயரும் கிடையாது. உதவித்தொகை கேட்டுப் போன ஓர் அலுவலகத்தில், "வேற எங்கயாவது போயிருப்பாரோ?" என்று கேட்டார்கள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றிருந்தேன்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் எல்லாரும் தங்கள் வீட்டுக் கல்லறைக்கு வெள்ளையடித்து, பூப்போட்டு, மெழுகுதிரி கொளுத்துவார்கள். நாங்கள் கல்லறைத் தோட்டத்தின் நடுவில் இருக்கிற பெரிய சிலுவை அடியில் மணலில் ஒரு திரியை ஊன்றுவோம். வாடைக்காற்று தொடங்கியிருக்கும், திரி நிற்காது. அம்மா சிரட்டைக்குள் அதை நட்டு, சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு எரிந்து தீரும் வரை குந்தியிருப்பாள். மகன் இதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறான். அவனுடைய கேள்வி அங்கிருந்துதான் வருகிறது.

இல்லை என்று சொன்னால் 'ஏனோக்குக்கு மட்டும் ஏன்?' என்பான். ஆமாம் என்றால் பொய். இதில் திருச்சபை உறுதியாக என்ன சொல்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இன்னொன்று. அன்று வீட்டுக்கு வந்து அவன் பாட்டியிடமும் இதைச் சொல்லிவிட்டான். அம்மா ஒன்றும் பேசவில்லை. சாப்பாடெல்லாம் முடிந்த பிறகு, "அந்த வரிய இன்னொருக்கா படி" என்றாள்.


தொண்டி வாத்தியார்:

தாயி, முதலில் ஏனோக்கைப் பார்ப்போம். எபிரேயர் திருமுகம் 11:5 ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது, அவர் சாவுக்கு உட்படாதபடி எடுத்துக்கொள்ளப்பட்டார் என்று. எலியாவை 2 அரசர்கள் இரண்டாம் அதிகாரம் சுழல்காற்றில் விண்ணகத்துக்கு அனுப்புகிறது. வேதத்தில் இப்படி இரண்டே பேர்தான். இவர்கள் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்பதைக் கத்தோலிக்கத் திருச்சபை விசுவாசக் கோட்பாடாக வரையறுத்ததில்லை. வட ஆப்பிரிக்காவில் வாழ்ந்த தெர்த்துல்லியன், அவர்களுக்குச் சாவு தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது என்றே எழுதினார். திருவெளிப்பாடு 11-இல் வருகிற இரண்டு சாட்சிகள் இவர்கள்தான், கடைசிக் காலத்தில் வந்து கொல்லப்படுவார்கள் என்பது அந்தப் பழைய நம்பிக்கை. அந்தச் சாட்சிகளுக்கு வேதம் பெயர் சொல்லவில்லை. மோசேயும் எலியாவும் என்று சொல்பவர்களும் உண்டு.

மாதாவின் விண்ணேற்பையும், அதாவது அவர் உடலோடு விண்ணகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டதையும், பையன் கேட்பான், தயாராக இருங்கள். 1950 நவம்பர் 1 அன்று திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அதைக் கோட்பாடாக அறிவித்தபோது, 'மண்ணுலக வாழ்வை முடித்தபின்' என்ற பொருளில்தான் வார்த்தைகளை அமைத்தார். இறந்தாரா இல்லையா என்று அதில் முடிவு கட்டவில்லை. 1997-இல் இரண்டாம் யோவான் பவுல், மாதாவும் மகனைப் போலவே மரணத்தைக் கடந்தே போனார் என்ற பக்கம் பேசினார். மரணம் இல்லாமல் போனால்தான் பெருமை என்று நாம் நினைக்கிறோம். திருச்சபை அப்படி நினைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

இனி உங்கள் மகனுக்கு வருகிறேன். அவன் சொன்ன காரணம் என்ன? 'கல்லறை இல்லை.' அப்படியென்றால் அவன் தாத்தாவை வைக்க வேண்டிய இடம் ஏனோக்குப் பக்கத்தில் இல்லை, மோசே பக்கத்தில். இணைச்சட்டம் 34-ஐ எடுத்துக் காட்டுங்கள். மோசே 120 வயதில் இறந்தார். ஆனால் அவர் கல்லறை எங்கே என்று இந்நாள்வரை எவருக்கும் தெரியாது என்று எழுதியிருக்கிறது. அவரை அடக்கம் செய்தவர் ஆண்டவர் என்றே வாசகம் போகிறது. மனிதர் கை படாத அடக்கம். இத்தனை பேரை வழிநடத்திய ஆளுக்கு ஒரு பிடி மண் போட ஊரில் ஒருவருக்கும் வாய்ப்புக் கிடைக்கவில்லை.

அதே மோசே அப்புறம் எங்கே வருகிறார் தெரியுமல்லவா? இயேசுவின் தோற்றம் ஒளியாக மாறிய உருமாற்றத்தின் மலையில். இயேசுவுக்கு ஒரு பக்கம் மோசே, ஒரு பக்கம் எலியா. செத்தும் கல்லறை இல்லாதவர் ஒருவர், சாகாமல் எடுக்கப்பட்டவர் ஒருவர். இரண்டு பேரும் ஒரே ஒளியில் நின்று பேசினார்கள். முன்னே பின்னே என்று அங்கே வித்தியாசம் இல்லை. நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு இது விளங்கும். நாற்பது வருடம் பிள்ளைகளோடு இருந்தவன் சொல்கிறேன்.

எங்கள் பக்கம் ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று மறைசாட்சி அருளானந்தர் (ஜான் தெ பிரிட்டோ) வெட்டப்பட்டார். அங்கே வருகிற சனம் கையில் எடுத்துப்போவது செம்மணலைத்தான். நீங்கள் மணலில் திரி ஊன்றுவதை ஒரு குறையாக எண்ண வேண்டாம்.


மண்டபம் ஜெபக்குழு:

சகோதரி, நான் சி.எஸ்.ஐ. சபை. மாதாவைப் பற்றி அய்யா சொன்னதை நாங்கள் ஏற்பதில்லை, வேதத்தில் அது இல்லை என்பது எங்கள் நிலை. அதை இங்கே வாதிட வரவில்லை.

உங்கள் அம்மாவுக்காக ஒன்று சொல்லத் தோன்றியது. எலியா போன கதையைக் கடைசிவரை வாசியுங்கள். பெரும்பாலும் அக்கினி ரதத்தோடு நிறுத்திவிடுவோம், ஞாயிறு பள்ளியில் படம் போடுவதும் அதோடு சரி. அதற்குப் பிறகுதான் எனக்கு எப்போதும் தொண்டை அடைக்கும்.

எலியாவின் சீடன் எலிசா அதைக் கண்ணால் பார்த்தவன். எலியா பரலோகத்துக்குத்தான் போகிறார் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் "என் தகப்பனே, என் தகப்பனே" என்று கத்தினான். தன் வஸ்திரத்தைப் பிடித்து இரண்டு துண்டாகக் கிழித்தான். அது சாவுக்கு அழுகிறவர்கள் செய்வது. எரிகோவிலிருந்து வந்த தீர்க்கதரிசிகளின் புத்திரர், அதாவது அவர்களுடைய சீடர்கள், நம்பவில்லை. ஆவியானவர் அவரைத் தூக்கிக்கொண்டுபோய் ஏதாவது மலையிலோ பள்ளத்தாக்கிலோ போட்டிருப்பார், தேடிப் பார்க்கிறோம் என்றார்கள். எலிசா வேண்டாம் என்றான். அவர்கள் விடவில்லை, அலட்டிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் சரி, அனுப்புங்கள் என்றான். ஐம்பது பேர் போனார்கள். மூன்று நாள் தேடினார்கள். காணவில்லை.

நீங்கள் மூன்று நாள் என்று எழுதியதைப் படித்ததும் வேதத்தை எடுத்து வைத்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

எலியா ஒரு காலத்தில் சூரைச்செடிக்குக் கீழே உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டவர். சாவு கேட்டவருக்குச் சாவு வரவில்லை. உங்கள் அப்பா அன்று பிள்ளைகளிடம் திரும்பி வரத்தான் போயிருப்பார். கர்த்தர் கணக்கு நமக்கு விளங்காது, அக்கா. அழுவது அவிசுவாசம் இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். எலிசாவே அழுதிருக்கிறான்.


கீழக்கரை:

அக்கா, குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கணும். எங்களிலும் இந்தப் பேச்சு உண்டு. இத்ரீஸ் நபியை உயரமான இடத்துக்கு உயர்த்தினோம் என்று குர்ஆனில் மர்யம் அத்தியாயம் 57-வது வசனம் சொல்கிறது. நீங்கள் சொல்கிற ஏனோக்குதான் அவர் என்பது விரிவுரையாளர்கள் பலரின் கருத்து. உயரமான இடம் என்றால் வானமா, பதவியா என்பதில் ஒரே கருத்து கிடையாது. ஈசா நபியை, அதாவது இயேசுவை, அல்லாஹ் தன்னளவில் உயர்த்திக்கொண்டான் என்றும், அவர் மீண்டும் வந்து, பிறகு மரணிப்பார் என்றும் நம்புகிறோம். எல்லா உயிரும் மரணத்தைச் சுவைக்கும் என்பதும் அதே வேதத்தில் இருக்கிறது.

நான் சொல்ல வந்தது வேறு. எங்கள் ஊரிலும் கடலும் கப்பலுமாகத்தான் வாழ்ந்தோம். உடல் கிடைக்காத மௌத்து, அதாவது மரணம், எங்களுக்கும் புதிதில்லை. நாங்கள் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபில், அதாவது சட்டப் பள்ளியில், காயிப் ஜனாஸா என்று ஒரு தொழுகை இருக்கிறது. இறந்தவர் உடல் முன்னால் இல்லாமலே நின்று தொழுவது. அபிசீனியா மன்னர் நஜ்ஜாஷி இறந்த செய்தி வந்தபோது நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் மதீனாவிலிருந்தே அவருக்காகத் தொழவைத்தார்கள். என் பாட்டனாரின் தம்பிக்கு அப்படித்தான் தொழுதார்கள். அதற்கு அப்புறம்தான் அவர் மனைவி ஒழுங்காகத் தூங்கினார் என்று வீட்டில் சொல்வார்கள். உங்கள் முறையில் அப்படி ஏதாவது இருக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.


தொண்டி வாத்தியார்:

தம்பி நல்ல இடத்தைத் தொட்டார். உண்டு தாயி. உடல் கிடைக்காவிட்டாலும் இறந்தவருக்காகத் திருப்பலி வைக்கலாம். பங்குச் சாமியாரிடம் பேசுங்கள்.


பாம்பன் தெற்குவாடி:

எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்தேன்.

மகனிடம் மோசே பற்றிச் சொன்னேன். மலையில் மூன்று பேர் நிற்கிற படத்தையும் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தான். "தாத்தா செத்துட்டாரு, ஆனா அங்க இருக்காரு" என்றான். ஆமாம் என்றேன். அதைச் சொல்லும்போது என் குரல் நடுங்கவில்லை, பொய் இல்லை என்பதால் இருக்கலாம்.

விட்டுவிடுவான் என்று பார்த்தால், பிறகு ஒரு நோட்டை எடுத்து ஐந்தாம் அதிகாரத்து எண்களைக் கூட்டிக் கழிக்க உட்கார்ந்துவிட்டான். ஏனோக்குக்கு 65 வயதில் மெத்துசேலா பிறந்திருக்கிறார். அப்படியென்றால் அப்பா காணாமல் போகும்போது மகனுக்கு 300. மெத்துசேலா வாழ்ந்தது 969. "669 வருஷம் அப்பா இல்லாம இருந்திருக்காரும்மா" என்றான். இத்தனை வருடம் அந்த அதிகாரத்தை வாசித்திருக்கிறேன். அந்த மகனை ஒரு தடவைகூட நினைத்ததில்லை.

மண்டபத்து அக்கா சொன்ன பகுதியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா அப்போது மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். ஐம்பது பேர் தேடின இடம் வந்ததும் அரிவாள்மனையை மடக்கிவிட்டாள். "கண்ணால பாத்தவனே சட்டையக் கிழிச்சானா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். திரும்பவும் கேட்டாள்.

இத்தனை வருடமும் அம்மா அப்பா பெயரில் பூசை கேட்டதே இல்லை. இறந்தோர் என்று எழுதுவார்களே, அதற்காக. நேற்று அவளாகவே முந்தானையிலிருந்து பணத்தை அவிழ்த்து என்னிடம் தந்தாள். "பேரக் குடுத்துட்டு வா. கடலுக்குப் போனவருன்னும் சேத்து எழுதச் சொல்லு" என்றாள்.

அப்படியே எழுதிக்கொடுத்துவிட்டு வந்தேன். நவம்பர் 2, காலைப் பூசை.