புதுப்பிப்பு: அரிட்டாபட்டிக்கு ஏன் சட்டம் இல்லை, தீர்மானம் மட்டும்?

மதுரை மாவட்டம் மேலூர் பக்கத்து அரிட்டாபட்டியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு மத்திய அரசு ஏலம் விட்டதை எதிர்த்து 2024 டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் நிறைவேற்றியது தனித் தீர்மானம் என்று முன்பு எழுதியிருந்தேன். "ஜல்லிக்கட்டுக்குச் சட்டமே போட்டார்களே, இதற்கு ஏன் இல்லை?" என்று மேலூர்ப் பக்கத்து ஆட்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

விலங்கு வதைத் தடுப்பு, மத்திய அரசும் மாநிலமும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலில் வருகிறது. அதனால்தான் 2017-இல் மத்தியச் சட்டத்துக்கு மாநில அளவில் திருத்தம் கொண்டுவந்து, குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் வாங்க முடிந்தது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. டங்ஸ்டன் கதை வேறு. 2023-இல் திருத்திய கனிமச் சட்டப்படி அதை ஏலம் விடும் அதிகாரமே மத்திய அரசிடம் போய்விட்டது. மாநிலம் தனிச்சட்டம் போட்டாலும் அந்த மத்தியச் சட்டத்தோடு மோதிச் செல்லாமல் போய்விடும். அதற்காகத் தீர்மானம் வீண் என்று சொல்லிவிடாதீர்கள். அதுவும் மேலூர் விவசாயிகளின் நடைபயணமும் சேர்ந்து கொடுத்த அழுத்தம்தான், 2025 ஜனவரி 23-இல் ஏலம் ரத்தாகக் காரணம் என்பது என் கருத்து.

எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதியில் ஊருக்கு ஒரு வேலை கேட்டு மனு கொடுப்பது எப்படி என்றும் கேட்டிருந்தீர்கள். எம்.எல்.ஏ. பணியைப் பரிந்துரைப்பார், நிர்வாக அனுமதி தருவது கலெக்டர். மனுவில் ஊராட்சி, வார்டு, சர்வே எண் மூன்றும் இருக்கட்டும். இடம் புறம்போக்கா, பட்டாவா என்று வி.ஏ.ஓ.விடம் உள்ள அ-பதிவேட்டில் (கிராம நிலப் பதிவேடு) முதலில் பாருங்கள். தனியார் பட்டா என்றால் செலவு மதிப்பீட்டுக் கட்டத்திலேயே வேலை நின்றுவிடும். ஒரு பிரதியைக் கலெக்டர் அலுவலகத்தின் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்திலும் கொடுத்து, மனு எண்ணை வாங்கி வையுங்கள்.