ஸ்நார்கெலிங்கில் (மூச்சுக்குழாயோடு நீர்மேல் மிதந்து கடலடியைப் பார்ப்பதில்) மறைந்து வாழும் உயிரினங்களைக் கண்டுபிடிப்பது எப்படி?

உப்புக்காற்று கேட்டது:
பவளத்திட்டு சூழ்ந்த தீவில் நான்கு நாள் தங்கப்போகிறோம். கிளிமீனும் வண்ணத்துப்பூச்சி மீனும் தேடாமலே கண்ணில் படும். பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்), கடற்குதிரை, ஓடில்லாக் கடல் நத்தை போன்றவற்றைக் கரையோரத்திலேயே பார்க்க எங்கே, எந்த நேரத்தில் தேட வேண்டும்? மாஸ்க்கில் ஆவி படியாமல் இருக்கவும் வழி சொல்லுங்கள்.

கடற்புல்:
முதலில் நீந்துவதைக் குறையுங்கள். ஒரு மணி நேரத்தில் திட்டு முழுவதையும் சுற்றுபவரைவிட, 2 மீட்டர் ஆழத்தில் ஒரே பாறைமேல் பத்து நிமிடம் அசையாமல் மிதப்பவருக்குத்தான் அதிகம் தெரியும். காற்று எழும் முன், காலையில் இறங்குங்கள். நீர் தெளிவாக இருக்கும்.

பேய்க்கணவாயைத் தேடாதீர்கள், அதன் குப்பையைத் தேடுங்கள். பொந்து வாசலில் சிப்பி ஓடுகளும் நண்டு ஓடுகளும் குவிந்து, பக்கத்தில் கற்கள் அடுக்கினாற்போல் கிடந்தால் உள்ளே ஆள் இருக்க வாய்ப்பு அதிகம். சிறிது நேரத்தில் கண் மட்டும் மேலே எழும். அது திட்டின்மேல் வேட்டைக்குப் போகும்போது களவா மீன் ஒன்று ஒட்டிக்கொண்டே போவதும் உண்டு. ஆகவே மீன் எதையோ விடாமல் தொடர்ந்தால் அதன் வாய்க்கு முன்னால் பாருங்கள்.

கடற்குதிரைக்குப் பவளத்தைவிடக் கடற்புல் படுகைதான் நல்ல இடம். வாலால் புல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அலைக்குப் புல் ஆடும் தாளத்தோடு ஒட்டாமல் ஒரு தண்டு தடித்துத் தெரிந்தால் அங்கே நில்லுங்கள். மணல் தரையை யாரும் மதிப்பதில்லை. ஆனால் கண் சரியாகத் தெரியாத இறாலும் காவலுக்கு நிற்கும் உழுவை மீனும் ஒரே வளையில் குடியிருப்பதை அங்கேதான் பார்க்கலாம். உங்கள் நிழல் வளைமேல் விழுந்தால் இரண்டும் மறைந்துவிடும். சூரியன் முகத்துக்கு எதிரே இருக்கும்படி அணுகுங்கள்.

மூச்சுக்குழாய்:
புது மாஸ்க்கின் கண்ணாடியில் தயாரிப்பின்போது ஒட்டிய மெல்லிய படலம் இருக்கும். ஆவி படிய அதுவே பெரும்பாலும் காரணம். வெள்ளைப் பற்பசையை உட்புறம் தடவி, விரலால் இரண்டு மூன்று நிமிடம் தேய்த்துக் கழுவுங்கள். இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். பிறகு ஒவ்வொரு முறையும் இறங்கும் முன் நீர்த்த குழந்தை ஷாம்பு ஒரு சொட்டு தேய்த்து, லேசாக அலசினால் போதும். மூக்கால் மூச்சு விட்டால் எதைத் தடவியும் பலனில்லை.

நீர் கசிந்தால் பட்டையை இறுக்காதீர்கள், விளிம்பு வளைந்து இன்னும் கசியும். பட்டையில்லாமல் முகத்தில் வைத்து மூக்கால் இழுத்துப் பாருங்கள், ஒட்டி நின்றால் சரியான அளவு. விளிம்புக்குள் ஒரு முடி சிக்கினாலும் நீர் வரும்.

வற்றுநீர்:
மேலே சொன்னதில் ஒரு திருத்தம்: பற்பசை வெறும் கண்ணாடிக்கு மட்டும். பிளாஸ்டிக் லென்ஸிலும் பூச்சு உள்ள லென்ஸிலும் கீறல் விழும்.

வற்றம் (கடல்நீர் இறங்குவது) உச்சத்தில் இருக்கும்போது திட்டின்மேல் போக வேண்டாம். வயிறு பவளத்தில் உரசும், காயம் எளிதில் சீழ் பிடிக்கும். குனிந்து மூழ்கும் முன் வேகவேகமாக மூச்சு வாங்குவது ஆபத்து. கரியமில வாயு குறைந்துவிடுவதால் மூச்சு முட்டும் உணர்வே வராமல் நீருக்குள் மயக்கம் வரலாம். காதடைப்பை வலி வரும் முன், முதல் மீட்டரிலேயே மூக்கைப் பிடித்து ஊதி எடுத்துவிடுங்கள்.

கடற்புல்:
கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அழகாகக் கோலம் போட்ட கூம்புச் சங்கை எடுக்கவே கூடாது. அதன் நஞ்சு ஊசி ஆளைக் கொல்லக்கூடியது. சிறு பேய்க்கணவாயின் உடலில் நீல வளையங்கள் மின்னினால் அது மிரண்டிருக்கிறது, விலகுங்கள். முதுகில் நஞ்சு முள் உள்ள கல்மீன் கல்லாகவே தெரியும் என்பதால் தரையில் கால் ஊன்றாதீர்கள். குத்திவிட்டால், தோல் வேகாத அளவு சூடான நீரில், சுமார் 45 டிகிரிக்கு மேல் போகாமல், காலை வைத்துக்கொண்டே மருத்துவரிடம் போக ஏற்பாடு செய்யுங்கள்.

உப்புக்காற்று:
குப்பைக்குவியல் குறிப்பு அருமை. நீர்க்காலணியும் பட்டியலில் சேர்த்துவிட்டேன்.